அண்ணன் விவசாயம் செய்த நாள்

குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அண்ணனின் புது ரப்பர் பூட்ஸில் சேறு பூசிக்கொண்டிருந்தாள் பாப்பா. இடது கையை ஒரு பூட்ஸுக்குள் முழங்கை வரை நுழைத்துக்கொண்டு, வலது கையால் வாளியிலிருந்து களிமண்ணை அள்ளி குதிகாலில் அப்பினாள், கணுக்கால் பக்கம் இழுத்துவிட்டாள், கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு விரல் நுனியால் மேலே நாலு துளி சுண்டினாள். நடந்து பட்ட சேறு வேறு, பூசின சேறு வேறு. மானிய ஆய்வாளர் முதலில் காலைத்தான் பார்க்கிறாராம். பெட்ரோல் பங்க் முதலாளி போன வாரம் அதில்தான் மாட்டிக்கொண்டார். பூட்ஸின் அடியில் விலைச் சீட்டு ஒட்டியிருந்திருக்கிறது.

பாப்பா என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறாள். டிராக்டரை ரிவர்ஸில் எடுத்து, கொட்டகைத் தூணில் உரசாமல் ஒரே மூச்சில் உள்ளே நிறுத்துவாள். அவள் வருவதைப் பார்த்தால் உரக்கடைக்காரர் தராசைத் துடைத்து வைப்பார். ஆனாலும் வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை என்பதால் அண்ணன் பாப்பா என்றான், அதைக் கேட்டு ஊரும் பாப்பா என்றது. வங்கி மேனேஜர் மட்டும் மரியாதைக்கு ஒரு 'அம்மா' சேர்த்து, "உங்க பேர்ல நிலமே இல்லையே பாப்பாம்மா, நான் எதை வச்சு லோன் குடுக்கறது?" என்று அனுப்பிவைப்பார்.

அது உண்மைதான். அப்பா சாகும்போது நிலத்தை அண்ணன் பேரில் எழுதிவைத்தார். நிலத்தைப் பார்த்துக்கொள்ளும்படி பாப்பாவிடம் வாயால் சொன்னார். எழுதினது அண்ணனிடம் போய்ச் சேர்ந்தது. சொன்னது இவள் தலையில் வந்து விழுந்தது. அண்ணன் டவுனில் பல் டாக்டர். இவள் உழுவாள், விதைப்பாள், மக்காச்சோளத்தை அறுத்து விற்பாள், விற்ற பணத்தில் செலவு போக மிச்சத்தை வைத்துக்கொள்வாள். அதில் அண்ணன் தலையிட்டதில்லை. அரசாங்க மானியம் மட்டும் நிலம் யார் பேரிலோ அவர் கணக்கில் விழும். விதைக்கு மானியம், டீசலுக்கு மானியம், மழை பெய்யாததற்கு ஒன்று, அதிகமாகப் பெய்ததற்கு ஒன்று. போன வருஷம் ஆலங்கட்டி மழை வந்து கதிர் பிடித்த சோளத்தை மடக்கிப் போட்டது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வரப்பில் நின்று பார்த்தது பாப்பா. நிவாரணம் விழுந்தது அண்ணனுக்கு. கொஞ்ச நாளில் அவன் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில், சுவரளவுக்கு ஒரு மீன் தொட்டி வந்தது. போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பி, 'எல்லாம் நம்ம நிலத்துல விளைஞ்ச மீனு' என்று கீழே எழுதியிருந்தான்.

கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. கேட்டால் கொடுப்பான். கேட்க வைப்பான், அவ்வளவுதான்.

இவன் ஒருத்தன்தான் இப்படி என்றும் இல்லை. அந்த வட்டாரத்தில் மானியம் வாங்குகிறவர்களை எல்லாம் ஒரே வயலில் இறக்கிவிட்டால், களையெடுக்கத் தெரிந்தவர் யார் என்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். பெட்ரோல் பங்க் முதலாளிக்கு, பங்க்குக்குப் பின்னால் முளைத்த புல்லுக்கு மானியம். வக்கீலுக்கு அவர் பார்த்தே இராத ஒரு மேட்டு நிலத்துக்கு. கல்யாண மண்டபக்காரர் கார் நிறுத்தும் இடத்தை வெங்காய வயல் என்று எழுதிக் கொடுத்து வருஷக்கணக்காக வாங்கிக்கொண்டிருந்தார். மேலே யாருக்கோ சந்தேகம் வந்து புது விதி ஒன்று போட்டார்கள். மானியம் வாங்குகிறவர் நேரில் வயலில் நிற்க வேண்டும். ஆய்வாளர் வந்து பார்ப்பார், கேள்வி கேட்பார், போட்டோ எடுப்பார்.

அவ்வளவுதான், ஊரே விவசாயத்தில் குதித்தது. செருப்புக் கடையில் ரப்பர் பூட்ஸ் தீர்ந்துபோனது. பாப்பாவின் பக்கத்து வயல்காரர் தன்னிடமிருந்த பழைய மண்வெட்டிகளை வாடகைக்கு விட ஆரம்பித்தார். பிடி தேய்ந்தது என்றால் வாடகை கூட. "நாப்பது வருஷம் வெட்டினேன், ஒருத்தன் சீந்தல. இப்ப மண்வெட்டி என்னைவிட அதிகமா சம்பாதிக்குது பாப்பா," என்றார்.

அண்ணன் போன் செய்தான். "இதுல நான் பாஸ் ஆகலைன்னா அந்த நிலத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது சொல்லு? குடோன்காரன் வேற வாடகைக்குக் கேட்டு நச்சரிக்கிறான். சிமெண்ட் போட்டு, தகரம் வேய்ஞ்சு, மாசா மாசம் பணம் குடுத்துடறேங்கறான்."

பாப்பா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பதற்றத்தைக் குரலில் காட்டிக்கொள்ளவில்லை. "ஆபீஸ்ல கேட்டேண்ணா. 'பயிர் செய்பவர்'னு பாரத்துல ஒரு இடம் இருக்காம். நிலத்துக்காரர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா வேற பேரு எழுதலாமாம்."

"பார்க்கலாம் பாப்பா. அண்ணன் பேரு, தங்கச்சி பேருன்னு என்ன பிரிச்சுப் பேசிக்கிட்டு?"

அவர்கள் குடும்பத்தில் 'பார்க்கலாம்' என்றால் பார்க்க மாட்டோம் என்று பொருள். பாப்பா போனை வைத்தாள். அண்ணனை எப்படியாவது பாஸ் ஆக்கிவிடுவது என்று முடிவு செய்தாள். அவன் விவசாயி இல்லை என்று ஆகிவிட்டால் அவளும் இல்லை.

முந்தின நாள் சாயங்காலமே அண்ணன் வந்து இறங்கினான். சமையலறை மேஜையில் அவனை உட்காரவைத்துப் பாடம் நடந்தது. சின்ன வயதில் இதே மேஜையில் இவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, தப்பினால் ஸ்கேலால் தட்டினவன் அவன். பாப்பா கரண்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"என்ன பயிரு?"

"மக்காச்சோளம்."

"தண்ணி?"

"கிணறு. மோட்டார். முறை வச்சுப் பாய்ச்சறோம்."

"உரம்?"

"அடியுரம் போட்டாச்சு, மேலுரம் இனிமே."

"பூச்சி?"

"படைப்புழு. குருத்துக்குள்ள உக்காந்துக்கும். மருந்து அடிச்சாச்சு." சொல்லிவிட்டு அண்ணன் தன்னையே மெச்சிக்கொண்டான். "இதுல என்ன இருக்கு? அனாடமிக்கு எவ்வளவு மனப்பாடம் பண்ணியிருக்கேன் தெரியுமா?"

பாப்பாவின் கணவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். வண்டியை நிறுத்திவிட்டு வந்து, டீயை உறிஞ்சிக்கொண்டே கதவோரம் நின்று மச்சானை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தார். "பதிலெல்லாம் சரி. ஆளைத்தான் ரெண்டு நாள் வெயில்ல காயப்போட்டிருக்கணும். கையைப் பாரு, இப்பதான் உறையைப் பிரிச்சு எடுத்த மாதிரி இருக்கு."

"மாப்பிள்ளை, நீங்க பேசாம இருந்தாலே பாதி பாஸு," என்றான் அண்ணன்.

காலையில் ஆய்வாளர் பைக்கில் வந்தார். ஒல்லியான மனிதர். கழுத்துத் துண்டை எடுத்துத் தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். புழுதிக்குக் கட்டியிருக்கிறார் என்று பாப்பா நினைத்துக்கொண்டாள். நேராக அண்ணனின் பூட்ஸைப் பார்த்தார். குனிந்து இன்னொரு தரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வயலுக்கு நடந்தார். பாப்பாவுக்குப் பாதி உயிர் வந்தது.

வரப்பில் போட்டோ. "மண்வெட்டியைப் பிடிங்க," என்றார் ஆய்வாளர், பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி. அண்ணன் மூன்று விரலால், பொடிப் பல்லைப் பிடுங்கப் போகிறவன் போல, அதன் பிடியைத் தொட்டுக்கொண்டு நின்றான். பஸ்காரர் ஆய்வாளருக்குப் பின்னால் நின்று முஷ்டியை முறுக்கி ஜாடை காட்டினார். அண்ணன் அதைப் பார்த்து மண்வெட்டியை ஓங்கினான். ஆய்வாளர் ரெண்டடி பின்வாங்கினார்.

கேள்வி ஆரம்பித்தது. பாழாய்ப்போன மனிதர் கடைசியிலிருந்து ஆரம்பித்தார்.

"பூச்சி எதாவது உண்டா?"

"மக்காச்சோளம்," என்றான் அண்ணன்.

"பூச்சிங்க."

"கிணறு. மோட்டார்."

"சரி, தண்ணி எப்படி?"

"குருத்துக்குள்ள உக்காந்துக்கும்."

பாப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அனாடமியை மனப்பாடம் செய்தவன் வரிசையாகச் செய்திருக்கிறான். வரிசை மாறினால் எல்லாம் போச்சு. தவிர, அவன் கவனமே கேள்வியில் இல்லை என்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். அண்ணன் ஆய்வாளரின் இடது கன்னத்தையே முறைத்துக்கொண்டிருந்தான். பயிரைத் தொடு என்றால் தொட மாட்டான், வயலைப் பார் என்றால் பார்க்க மாட்டான். அந்தக் கன்னத்தின் வீக்கத்தில் அவன் கண் போய் ஒட்டிக்கொண்டது.

"கீழ் வரிசை, கடைசிக்கு முந்தின பல்லு," என்றான் திடீரென்று. "ராத்திரி படுத்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்குமே? சூடா குடிச்சா காது வரைக்கும் இழுக்குமே?"

ஆய்வாளர் பேனாவை இறக்கினார். "எப்படிங்க தெரியும்?"

"அண்ணன் மாட்டுக்குப் பல்லு பார்ப்பாருங்க," என்று பாப்பா குறுக்கே விழுந்தாள். "பல்லைப் பார்த்தே வயசு சொல்லிடுவாரு. சந்தையில எல்லாரும் இவரைத்தான் கூட்டிட்டுப் போவாங்க."

"நான் மாடா?"

"அய்யய்யோ, அப்படிச் சொல்லலைங்க."

"இதைத் தள்ளிப்போட்டா சீழ் கோத்துக்கும்," என்றான் அண்ணன். அவன் குரலே மாறிவிட்டது. காலையிலிருந்து தொங்கிப்போயிருந்த தோள் நிமிர்ந்து கொண்டது. மண்வெட்டியைத் தங்கையின் கையில் கொடுத்தான். "பாப்பா, சமையலறையில ஜன்னலோரமா நாற்காலி போடு. தண்ணி கொதிக்கவை. கார் டிக்கியில என் பை இருக்கு."

"அண்ணே," என்றாள் பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு. "அண்ணே!"

அவன் காதில் விழவில்லை. எல்லாம் போச்சு, சிமெண்ட் மூட்டை வந்து இறங்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டே போய்த் தண்ணீர் வைத்தாள்.

ஆய்வாளரை நாற்காலியில் சாய்த்து, பஸ்காரரின் கையில் டார்ச்சைக் கொடுத்து, அண்ணன் ஊசி போட்டான். மரத்துப்போனதும் குடைந்து சுத்தம் செய்ய ஆரம்பித்தான். ஆய்வாளர் கடமை தவறாதவர். வாயைத் திறந்தபடியே மடியில் பாரத்தை வைத்துக்கொண்டு, பேனாவால் கேள்வியைக் குத்திக் காட்டினார்.

"அதுக்கு நான் சொல்றேன்," என்றான் அண்ணன்.

"நீங்க வேலையைப் பாருங்க. குழியில கண்ணு வையுங்க மச்சான்," என்றார் பஸ்காரர், டார்ச்சை ஆட்டாமல்.

பாப்பா குனிந்து கேள்வியைப் பார்த்தாள். பதில் சொன்னாள். பேனா அடுத்ததைக் குத்தியது. அதற்கும் சொன்னாள். எந்தப் பக்கம் மண் இறுகல், மோட்டார் எந்த நேரத்தில் இழுக்காது, போன தடவை மருந்து வாங்கின கடைக்காரர் கலப்படம் செய்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாம் வந்தது. கேட்காததுக்கும் பதில் சொன்னாள். ஆலங்கட்டி மழையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவள் மீன் தொட்டி வரை போய்விட்டாள். ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தி, திறந்த வாயோடு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"அசையாதீங்க," என்றான் அண்ணன், காது சிவக்க.

ஒரு வழியாக மருந்து வைத்து அடைத்து முடிந்தது. ஆய்வாளர் தாடையைத் தடவிப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. "மூணு நாளா தூங்கலைங்க," என்றார், உதடு ஒரு பக்கம் கோணிக்கொண்டு. "ஊர் ஊராப் போறேன். நேத்து ஒருத்தர் டிராக்டர் மேல ஏறி நின்னாரு. சாவி எங்கன்னு கேட்டா, டிரைவரைக் கேளுங்கங்கறாரு. நான் யாரைப் பார்த்துச் சிரிக்கறது, பல்லை வச்சுக்கிட்டு?" பர்ஸை எடுத்தார். "எவ்வளவுங்க?"

"சேச்சே. வீடு தேடி வந்தவர்கிட்டயா?"

"ஃபீஸ் வாங்கலைன்னா அது லஞ்சம்ங்க. ஆய்வுக்குப் போன இடத்துல சும்மா வைத்தியம் பார்த்துக்கிட்டேன்னு என் வேலை போயிடும்."

"சரி, வாங்கிக்கறேன்."

"வாங்கினா நீங்க டாக்டரு. பாரத்துல தொழில் விவசாயம் மட்டும்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அண்ணன் நீட்டின கையை மடக்கிக்கொண்டான்.

"டாக்டர் இல்லைன்னா," ஆய்வாளர் நிதானமாக உதட்டைத் துடைத்துக்கொண்டார், "படிப்பில்லாத விவசாயி ஒருத்தர் என் வாயில ஊசி போட்டாருன்னு எழுதணும். அது மானிய ஆபீஸுக்குப் போகாது. போலீஸுக்குப் போகும்."

அடுப்பில் தண்ணீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் போய் அணைக்கவில்லை.

"மச்சான், எதாவது ஒண்ணு சொல்லுங்க," என்றார் பஸ்காரர். "பிள்ளைங்க ஸ்டாப்புல நிக்கும், நான் வண்டி எடுக்கணும்."

"படிப்பில்லாதவனா?" அண்ணனின் குரல் உச்சத்துக்குப் போனது. "காலேஜ்லயே முதல் ஆளு நான்! மெடல் வாங்கினவன்! இந்த வட்டாரத்துல எவன் பல்லு வலிச்சாலும் என்கிட்டதான் வரான், அந்தக் கல்யாண மண்டபக்காரன் உட்பட. அவன் வாயில இருக்கறதுல பாதி நான் வச்சது!" படக்கென்று ஃபீஸை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

ஆய்வாளர் பாரத்தைத் திருப்பிப் போட்டார். "உங்களை நீக்கிட்டுப் போறது ஒண்ணு. அப்படின்னா இந்த நிலத்துக்கு மானியம் கிடையாது. இல்ல, பயிர் செய்யறவங்க இவங்கன்னு நீங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போடலாம். அப்படின்னா மானியம், நிவாரணம் எல்லாம் இவங்க கணக்குக்குப் போகும். கையெழுத்து இருக்கற வரைக்கும் நிலத்தை வேற வேலைக்கு விட முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க, ஆனா நான் கிளம்பறதுக்குள்ள சொல்லுங்க. ஊசி மருந்து இறங்கிட்டா வலியில எனக்குப் பேச வராது."

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. பாப்பாவுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. அப்பா, நிலம், இத்தனை வருஷ உழைப்பு என்று பெரிய பேச்சாக வந்தது. வாயைத் திறந்தால் அழுகையும் சேர்ந்து வரும் போலிருந்தது. அழுதால் அண்ணன் முதுகைத் தட்டிக்கொடுத்து 'பார்க்கலாம் பாப்பா' என்பான்.

போய் அடுப்பை அணைத்தாள்.

"நாளைக்கு மேலுரம் வாங்கப் போறேன்," என்றாள், அவனைப் பார்க்காமல். "குடோன்காரனுக்குத்தான் விடப்போறேன்னா இப்பவே சொல்லிடு. உரக்கடைக்காரன் வித்த மூட்டையைத் திருப்பி வாங்க மாட்டான். என் காசு போயிடும்."

"கோவமா பாப்பா?"

"உரத்தைப் பத்திக் கேட்டேண்ணா."

அண்ணன் பேனாவை வாங்கினான். பாரத்தைத் தன் பக்கம் இழுத்து, தலைப்பிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். பக்கத்தைத் திருப்பி அந்தப் பக்கமும் படித்தான். பஸ்காரர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். நிலம் இன்னும் தன் பேரில்தான் இருக்கிறதா என்று ஒரு தரம் கேட்டான். இருக்கும், நிலம் எங்கேயும் ஓடாது என்றார் ஆய்வாளர். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டுமா என்று கேட்டான். அவனாக வந்து வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால்தான் மாறும் என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். இனிமேல் கேட்க ஒன்றும் மிஞ்சவில்லை.

போட்டான். பழக்க தோஷத்தில் கையெழுத்துக்குக் கீழே படித்த பட்டத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டான். ஆய்வாளர் அதை ஒரு பார்வை பார்த்து, "இருக்கட்டும்," என்று மடித்து வைத்துக்கொண்டார். வெளியே போகும்போது வேர் சிகிச்சைக்கு எப்போது வரலாம் என்று விசாரித்தார். அடுத்த வாரம், காலையில், சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னான் அண்ணன். பைக்கின் சத்தத்துக்குப் பின்னாலேயே ஸ்கூல் பஸ்ஸும் புறப்பட்டுப் போனது.

சமையலறையில் அண்ணனும் தங்கையும் மிஞ்சினார்கள். அவன் தொட்டியில் தன் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழுவித் துணியில் அடுக்கினான். நன்றாகக் கழுவினான். பாப்பா நாற்காலியை இருந்த இடத்தில் இழுத்துப் போட்டாள், கீழே சிந்தியிருந்த பஞ்சைப் பொறுக்கினாள், மேஜையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த இடத்தை இன்னொரு தரம் துடைத்தாள். முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. வரவிடாமல் உதட்டை மடித்துக்கொண்டாள்.

"நல்ல மனுஷன்," என்றான் அண்ணன். "நல்ல எலும்பு. பல்லை மட்டும் கவனிக்காம விட்டுட்டான்."

"ம்."

"உனக்குக் கணக்கு எந்த பேங்க்குல?"

சொன்னாள்.

"அங்க கூட்டம் ஜாஸ்தி. பரவாயில்ல." இடுக்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். திரும்பவும் தண்ணீரில் காட்டினான். அப்புறம், அதையே பார்த்துக்கொண்டு, நோயாளியிடம் வலிக்காது என்று சொல்கிற மெத்தென்ற குரலில் கேட்டான்.

"மானியம் வந்ததும் அண்ணனுக்கும் எதாவது பார்த்துக் குடுப்பே இல்ல பாப்பா?"

காலையில் வயலுக்கு மோட்டார் போட்டு வெகு நேரம் ஆகிவிட்டது. தண்ணீர் இந்நேரம் கடைசிப் பாத்தியை எட்டியிருக்கும். பாப்பா துடைத்த துணியை உதறி ஜன்னல் கம்பியில் போட்டாள், கதவோரம் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள், பின்கதவைத் திறந்து வயலைப் பார்க்க நடந்துவிட்டாள்.